மேரனுக்கு ஒரே ஒரு வசனம்

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டு மணி வரை மின்விசிறி ஓடாது. குக்கர் விசிலடிக்கக் கூடாது, தேங்காய் துருவக் கூடாது, மிக்சி என்று ஒரு சாமான் வீட்டில் இருப்பதாகவே காட்டிக்கொள்ளக் கூடாது. என் கணவர் ஜெனோ முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, 'கிரேஹோல்ட்' என்ற பழைய விளையாட்டை விளையாடிக்கொண்டே அதைத் திட்டி வீடியோ எடுக்கிற நேரம் அது. விசிறிச் சத்தம் மைக்கில் விழுமாம். தூத்துக்குடியில், மே மாதத்தில், விசிறி இல்லாமல் ஒன்றரை மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க ஒருவர் ஒரு விளையாட்டைத் திட்டுகிறார் என்றால், அதன்மேல் அவருக்கு எவ்வளவு பிரியம் இருக்க வேண்டும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெனோ கப்பலில் செகண்ட் இன்ஜினியர். ஏழு மாதம் கடல், மூன்று மாதம் வீடு. கல்யாணமாகிப் பதினாலு வருஷமாக இதுதான் கணக்கு. நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் டாக்குமெண்ட் பார்க்கிறேன். வருகிற கன்டெய்னருக்கும் போகிற கன்டெய்னருக்கும் காகிதம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. மகள் விஜிலா பள்ளிக்கூட லீவுக்கு மணப்பாட்டில் என் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். விசிறி ஓடாத வீட்டில் இருக்க அவளுக்கு என்ன தலையெழுத்தா?

கிரேஹோல்ட் மாதிரி விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அதில் ஒரு கதாநாயகன் இருப்பான். நாம்தான் அவன். ஊர் ஊராகப் போக வேண்டும், எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் பேச வேண்டும், அவர்கள் சொல்கிற எடுபிடி வேலையைச் செய்து கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைசியில் ஒரு கெட்ட ராஜாவைக் கொல்ல வேண்டும். மொத்தம் ஒன்பது அத்தியாயம், அறுபது மணி நேரம். ஜெனோ பாலிடெக்னிக் படிக்கும்போது, இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், அவருடைய கூட்டாளி பிரைட்டன் வைத்திருந்த பிரவுசிங் சென்டரில் இதை முதல்முதலாக விளையாடி முடித்தார். அதோடு சேர்த்து இதுவரை ஆறு தடவை முடித்துவிட்டார். இது ஏழாவது. இந்தத் தடவை குறை கண்டுபிடிப்பதற்காகவே விளையாடுகிறார்.

குறைகளை எழுத ஒரு நீளமான நோட்டு வைத்திருக்கிறார். இன்ஜின் ரூமில் லாக் எழுதுகிற மாதிரி நேரம் போட்டு எழுதுவார். முதல் வீடியோவில், ஓநாயைக் கொன்றால் அதன் வயிற்றிலிருந்து வெள்ளிக்காசு விழுகிறதே, ஓநாய் எந்தக் கடையில் சாமான் வாங்கப் போனது என்று கேட்டார். இரண்டாவதில், கதாநாயகன் கதவைத் தட்டாமல் அடுத்தவர் வீட்டுக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து மருந்துக்குப்பியை எடுத்துக்கொண்டு வருகிறான், வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நிற்கிறார், கேட்டால் உலகத்தைக் காப்பாற்ற வந்தவனாம். மூன்றாவது வீடியோ முழுக்கக் கப்பல். பாய்மரக் கப்பல் எதிர்க்காற்றில் கோடு போட்ட மாதிரி நேராகப் போகிறது. நங்கூரமே இல்லை. துறைமுகம் என்று நான்கு பீப்பாயையும் மூன்று ஆட்களையும் நிறுத்தியிருக்கிறார்கள், அந்த மூன்று பேரும் ஒன்பது அத்தியாயத்திலும் ஒரு மூட்டையைக்கூட இறக்கவில்லை. "நம்ம பழைய துறைமுகத்துல தோணிக்கு உப்பு ஏத்துற ஆளு ஒருத்தர் வந்து இவனுவளப் பாத்தா என்ன சொல்லுவாரு?" என்று மைக்கில் கேட்டார். அதற்கு மட்டும் பதினோரு லைக் விழுந்தது.

முத்துக் குளிக்கிற கட்டம் ஒன்று உண்டு. அதை விளையாடும்போது என் சித்தி மகன் செபாஸ்டினைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். செபாஸ்டின் சங்கு குளிக்கிறவன். கதாநாயகன் முங்கி ஆறு சிப்பி எடுத்தான், ஆறிலும் முத்து இருந்தது. செபாஸ்டின் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தான். "எந்தக் கடலு அத்தான் இது?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான்.

எனக்கும் ஒரு குறை இருந்தது. அந்தக் கதாநாயகன் ஐந்து தேசத்தில் இறங்குகிறான், சரக்கும் கொண்டுபோகிறான், எங்கேயும் ஒருத்தரும் ஒரு காகிதம் கேட்கவில்லை. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது என் மனசு வேறு ஒரு இடத்தில் கிடந்தது. மாப்பிள்ளையூரணிப் பக்கம் கப்பல் இயந்திரம் பழுதுபார்க்கிற ஒர்க்ஷாப் ஒன்று புதிதாக வந்திருக்கிறது. அங்கே ஜெனோவைத் தலைமை மெக்கானிக்காக வரச் சொல்லியிருந்தார்கள். காலையில் போனால் சாயங்காலம் வீடு. அதே நேரத்தில் கப்பல் கம்பெனி இருபத்தி நாலாம் தேதி சிங்கப்பூரில் கப்பலேறச் சொல்லியிருந்தது. இரண்டு பேருக்குமே சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ஜெனோ எதையும் முடிவு செய்ததாகத் தெரியவில்லை. அவர் ஊரோடு இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கொஞ்சநஞ்ச ஆசையில்லை, ஷிப்பிங் பில்லில் தேதியைத் தப்பாகப் போடுகிற அளவுக்கு ஆசை. ஆனால் ஒரு வார்த்தை அவரிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், ஜெனோ வீட்டில் அப்படி ஒரு பழக்கமே கிடையாது. மூன்று தலைமுறையாகக் கடலுக்குப் போகிற குடும்பம். போகிற ஆளைப் போகாதே என்று சொல்லக் கூடாது. வாசல் தாண்டினவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. போகிறவரும் விடை வாங்கியபிறகு திரும்பிப் பார்க்கவோ பேசவோ கூடாது. கல்யாணமாகி முதல்முறை அவர் கப்பலுக்குப் புறப்பட்டபோது நான் வாசலில் நின்று அழுதேன். என் மாமியார் அந்தோணியம்மாள், இப்போது இல்லை, என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். "போற ஆளு மனசக் கலைக்காதளா. போயிட்டு வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லு. அது போதும்" என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது. போயிட்டு வாங்க.

இரண்டாவது வருஷம் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். அவர் விடைபெற்றுக் காரில் ஏறி, கார் தெருமுனை திரும்பும்போது, சிடிசி மேசைமேல் கிடப்பதைப் பார்த்தேன். சிடிசி என்றால் கப்பல்காரர்களுக்கு பாஸ்போர்ட் மாதிரி ஒரு புத்தகம், அது இல்லாமல் கப்பலில் கால் வைக்க முடியாது. கூப்பிட்டிருந்தால் கார் நின்றிருக்கும். போன் அடித்திருக்கலாம், அதுவும் பின்னாலிருந்து கூப்பிடுவதுதானே என்று ஒரு சந்தேகம். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சந்து சந்தாகப் புகுந்து, மூணாவது மைலில் காரை முந்தி, முன்னால் போய் நின்று கையைக் காட்டினேன். டிரைவர் பயந்துவிட்டான். ஜெனோ கண்ணாடியை இறக்கிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. பின்னாலே கூப்பிடாமல் முன்னால் வந்து கொடுத்த பெண்டாட்டி என்று அவர் எந்தக் கப்பலில் போனாலும் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வாராம்.

போன வருஷம் அவர் பிரேசில் பக்கம் இருக்கும்போது எனக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் செய்தார்கள். ஐந்தாம் நாள் போன் வந்தது. "என்ன விசேஷம்?" என்று கேட்டார். "ஒண்ணும் விசேஷமில்ல" என்றேன். ஊருக்கு வந்து தழும்பைப் பார்த்துவிட்டு மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். "சொன்னா கப்பலத் திருப்பியிருப்பியளா?" என்று நானும் கேட்டேன். பேச்சு அதோடு முடிந்தது.

திங்கட்கிழமை நான்காவது வீடியோ எடுத்தார். தலைப்பு, 'மேரன்: மோசமாக எழுதப்பட்ட பாத்திரம்.' நான் அடுப்படியில் சத்தமில்லாமல் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். மேரன் என்பவள் கதாநாயகன் மனைவி. முதல் அத்தியாயத்தில் அவனுடைய தேசத்து நல்ல ராஜாவிடமிருந்து ஓலை வருகிறது, அவன் புறப்படுகிறான், அவள் கடற்கரையில் வலை பின்னிக்கொண்டு நிற்கிறாள். போய் அவளிடம் பேசினால், 'பத்திரமாகப் போய் வா. கடல் உன்னைக் காக்கட்டும்' என்பாள். அப்புறம் விளையாட்டில் ஒன்பது தடவை அவன் ஊருக்குத் திரும்பி வருகிறான். ஒன்பது தடவையும் அவள் அதே இடத்தில், அதே வலையோடு நின்று, அதே வசனத்தைச் சொல்கிறாள்.

"அறுபது மணி நேர விளையாட்டுல இந்தப் பொம்பளைக்கு ஒரே ஒரு வசனம்," என்றார் ஜெனோ மைக்கில். "ஒருத்தன் டிராகனக் கொன்னுட்டு வாரான். பத்திரமாப் போய் வான்னு சொல்லுதா. ஒருத்தன் கை ஒடிஞ்சு வாரான். பத்திரமாப் போய் வான்னு சொல்லுதா. இவளுக்குன்னு ஒரு யோசன கிடையாதா, ஒரு கோவம் கிடையாதா? எழுதுனவனுக்குச் சோம்பேறித்தனம். பத்துக்கு ஒரு மார்க் போடுதேன், அதுவும் அந்த வலை நல்லா வரைஞ்சிருக்குங்கதுக்காக."

எனக்குச் சுருக்கென்றது. அவர் என்னைச் சொல்லவில்லை என்று தெரியும். அவர் விளையாட்டை விமர்சனம் செய்யும்போது விளையாட்டை மட்டும்தான் விமர்சனம் செய்வார், உள்குத்து வைக்கத் தெரியாத மனுஷன். இருந்தாலும் நான் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். வாசலில் போயிட்டு வாங்க. போனில் சாப்பிட்டாச்சு, ஒண்ணும் விசேஷமில்ல. சரி, மேரனைவிட எனக்கு இரண்டு வசனம் கூடுதல். அன்றைக்கு இறால் குழம்பில் உப்பு அதிகமாகிவிட்டது. அவர் இன்னொரு கரண்டி சோறு போட்டுப் பிசைந்து சாப்பிட்டார்.

புதன்கிழமை அவருக்கு ஒரு சங்கடம் வந்தது. திங்கட்கிழமை வீடியோவுக்காக எடுத்ததில், முதல் அத்தியாயத்தின் படமே பதிவாகாமல் வெறும் குரல் மட்டும் பதிவாகியிருந்தது. அதை மறுபடி விளையாட வேண்டும். ஆனால் மறுநாள் அவர் மெடிக்கல் செக்கப்புக்குத் திருநெல்வேலி போக வேண்டும். கப்பலேறுகிறவர்களுக்குத்தான் அந்த செக்கப். "எதுக்கும் எடுத்து வைப்போம்" என்றார். எதுக்கும் என்றால் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

"நாளைக்கு கேஸ் சிலிண்டர் வருதுன்னு அரை நாள் லீவு போட்டிருக்கல்லா," என்றார். "அந்த முதல் அத்தியாயத்த மட்டும் நீ விளையாடி பதிவு பண்ணி வச்சிரு. நான் வந்து குரல் குடுத்துக்கிடுதேன். சும்மா நடந்து போய், எல்லார்ட்டயும் ஒரு தடவ பேசிட்டு, கப்பல்ல ஏறிரு. அவ்வளவுதான்."

வியாழக்கிழமை காலையில் அவர் விடைபெற்றார். போயிட்டு வாங்க என்றேன். போனார். சிலிண்டர் பதினோரு மணிக்கு வந்தது. அதற்குப்பிறகு விசிறியை ஐந்தில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டு மவுஸ் பழசு. இடது பொத்தானைத் தட்டினால் ஒன்றுக்கு இரண்டாக விழும், சில சமயம் மூன்றாக விழும். ஜெனோவின் விரலுக்கு அது பழகியிருக்கிறது, எனக்குப் பழக்கமில்லை. ஓநாயை அடிக்கப் போய் ஓநாய் என்னை அடித்தது. கொல்லரிடம் வாள் வாங்கப் போய் இருந்த வாளையும் விற்றுவிட்டேன். எப்படியோ தட்டுத்தடுமாறிக் கடற்கரைக்கு வந்து மேரனைத் தட்டினேன். பத்திரமாகப் போய் வா, கடல் உன்னைக் காக்கட்டும் என்றாள். மவுஸ் தானாக இன்னொரு தட்டுத் தட்டியது. அவள் மறுபடி பேசினாள்.

'இன்னும் போகவில்லையா?' என்றாள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இப்படி ஒரு வசனம் இருப்பதாக ஜெனோ சொன்னதே இல்லை. இன்னொரு தடவை தட்டினேன். 'ஏதாவது மறந்துவிட்டாயா?' என்றாள். நான்காவது தடவை ஒன்றும் பேசாமல் வலையைக் கீழே வைத்தாள். ஐந்தாவது தடவை, 'என்னைக் கேட்டால் போகாதே என்பேன். யாரும் என்னைக் கேட்பதில்லை' என்றாள். கீழே இரண்டு பதில் வந்தது. ஒன்று, போக வேண்டும். இன்னொன்று, இருக்கிறேன்.

நான் யோசிக்கவே இல்லை. இருக்கிறேன் என்பதைத் தட்டினேன், மவுஸ் அதை இரண்டு தடவை தட்டியது.

அவ்வளவுதான். கப்பல் அவனை விட்டுவிட்டுப் புறப்பட்டுப் போய்விட்டது. அவன் கூரை வேய்ந்தான். மழை பெய்தது. அவளும் அவனும் ஒரு மேசையில் உட்கார்ந்து எதையோ சாப்பிட்டார்கள். இரண்டு பேருக்கும் தலை நரைத்தது. அப்புறம் கறுப்புத் திரையில் விளையாட்டைச் செய்தவர்களின் பெயரெல்லாம் வரிசையாக ஏறியது. விளையாடிய நேரம் முப்பத்தெட்டு நிமிடம் என்று வந்து நின்றுவிட்டது. நான் விளையாட்டைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பயந்துபோய் பிரைட்டனுக்குப் போன் அடித்தேன். அவர் இப்போது டபிள்யூஜிசி ரோட்டில் செல்போன் கடை வைத்திருக்கிறார். ஜெனோவின் வீடியோவை முழுசாகப் பார்க்கிற ஒரே ஆள். "அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது மதினி," என்றார். "நானும் அவனும் எத்தன தடவ முடிச்சிருக்கோம்." நான் திரையைப் படமெடுத்து அனுப்பினேன். அரைமணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார்.

"இருக்காம் மதினி. நெட்டுல பாத்தேன். எவனோ ஒரு வெள்ளக்காரன் அந்தக் காலத்துலயே எழுதிப் போட்டிருக்கான். மேரன்கிட்ட ஒரே நேரத்துல, நின்ன இடத்துலயே அஞ்சு தடவ பேசணுமாம். உலகம் பூராத் தெரிஞ்சிருக்கு."

"உங்க ரெண்டு பேருக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு? எல்லார்ட்டயும் ரெண்டு ரெண்டு தடவ பேசுவோம்னு பெரும பேசுவியளே."

பிரைட்டனுடைய அப்பாவும் கப்பல்காரர்தான். "மத்தவன்ட்டயெல்லாம் பேசுவோம் மதினி," என்றார். "அவதான் போயிட்டு வான்னு சொல்லிட்டாள்லா? விட வாங்குன பெறவு எப்படித் திரும்பிப் பேச? எங்களுக்கு அது தோணவே இல்ல." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அவன்ட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா அடிப்பான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இருபத்திரண்டு வருஷம். ஏழு தடவை. தடவைக்கு ஒன்பது வருகை. எங்கள் கடற்கரையில் பிறந்த இரண்டு ஆம்பளைகளைத் தவிர வேறு யாராலும் இந்தக் காரியத்தைச் செய்திருக்க முடியாது.

ஜெனோ ஐந்தரைக்கு வந்தார். செக்கப்பில் எல்லாம் நார்மல் என்றார். காப்பி குடித்தார், முகம் கழுவினார், விசிறியை நிறுத்தினார், மைக்கைப் போட்டுக்கொண்டு நான் பதிவு செய்ததை ஓடவிட்டார். ஓநாய் என்னை அடித்ததற்குச் சிரித்தார். வாளை விற்றதற்கு, "ஏளா!" என்றார். மேரன் இரண்டாவது தடவை வாயைத் திறந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். கடைசிப் பெயர் ஏறி முடிகிறவரைக்கும் பார்த்தார்.

"இது பக்குளா," என்றார் கடைசியில். "விளையாட்டுல ஏதோ கோளாறு."

"கோளாறு இல்ல. பிரைட்டன் பாத்துட்டாரு. அஞ்சு தடவ பேசினா இப்படித்தானாம்."

மீசையைத் தடவிக்கொண்டார். நோட்டை எடுத்தார், திறந்தார், நேரத்தைப் போட்டார், ஒன்றும் எழுதாமல் மூடினார். "முப்பத்தெட்டு நிமிஷத்துல முடிஞ்சிருது. சண்ட கிடையாது. கடைசி வில்லன் கிடையாது. கூரை வேயுதான், கஞ்சி குடிக்கான், நரைச்சுப் போறான். இது ஒரு முடிவா? அந்தக் கிரேஹோல்ட் ராசாவ யாரு கொல்லுவா?"

"வேற எவனாச்சும் கொல்லுவான். இவன் ஒருத்தன்கிட்டத்தான் வாள் இருக்கா?"

ஒரு பக்கம் மடக்கினால் வேறு பக்கமாக வருவார். "சரி, கதைய விடு. டிசைனப் பாரு," என்றார். குரல் ஏறியது. "இந்த விளையாட்டுலயே முக்கியமான வசனம் இதுதான். அத அஞ்சாவது தடவ கேட்டாத்தான் சொல்லுவாளாம். முதத் தடவயே சொன்னா என்ன? வாயால போயிட்டு வான்னு சொல்லிட்டு மனசுக்குள்ள போவாதங்குதா. விளையாடுதவன் என்ன சோசியக்காரனா, மனசுல உள்ளதப் பாக்க?"

"கேக்காதவன்ட்ட என்னத்தச் சொல்ல?"

"கேக்கலன்னாலும் சொல்லணும்ளா! சொன்னாத்தான இருக்கதா போறதான்னு அவன் ஒரு முடிவுக்கு வர முடியும். ஒண்ணுமே சொல்லலன்னா, சரி, இவளுக்கு நம்ம போறதுதான் இஷ்டம்போலன்னு அவன் போயிட்டே இருப்பான். அவன் மேல என்ன தப்பு? எழுதுனவன் மேலதான் தப்பு. அவ மேலயும்தான் தப்பு."

எனக்கு மண்டைக்கு ஏறிய கோபத்தை என்ன சொல்ல? மேரனுக்காகச் சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். திறந்த பிறகுதான் தெரிந்தது, இந்த மனுஷன் சொல்வது சரி. இந்த ஒரு மாதத்தில் அவர் கண்டுபிடித்த குறைகளிலேயே இதுதான் சரியான குறை. அது சரியாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"சரி. நான் முதத் தடவயே சொல்லுதேன்," என்றேன். "போவாதிய."

அவர் திரையைப் பார்த்தார். "அதத்தான் நானும் சொல்லுதேன், அவ முதல்லயே இப்படிச் சொல்லியிருந்தா..."

"மேரன் சொல்லல. நான் சொல்லுதேன், உங்க பெண்டாட்டி ரீனா. சிங்கப்பூருக்குப் போவாதிய. அந்த ஒர்க்ஷாப்புக்குப் போங்க. சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. ஆசுபத்திரியில நாலு நாள் ஒத்தையில கிடந்தேன், உங்களக் கூப்பிடணும்னு அவ்வளவு ஆசையா இருந்துச்சு. ஒண்ணும் விசேஷமில்லன்னு சொன்னது பூராப் பொய். எனக்கு நீங்க இங்கன வேணும்."

சொல்லிவிட்டேன். மாமியார் படம் சுவரில் இருந்தது, அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஜெனோ மைக்கைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எழுந்து போய் விசிறியைப் போட்டார்.

"ஒர்க்ஷாப்புல சம்பளம் பாதிதான்," என்றார்.

"தெரியும்."

"மூணு மாசம் வீட்டுல இருந்தாலே ரெண்டு பேரும் முட்டிக்கிடுதோம். பன்னெண்டு மாசமும் இருந்தா நீ என் கழுத்தப் புடிப்ப."

"புடிப்பேன்."

தலையை ஆட்டினார். அதை ஒரு நியாயமான பதிலாக எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். "இருபது வருஷமா கடலுக்குப் போறேன். ஒரு ஆளு எங்கிட்ட இதச் சொன்னதில்லளா. எங்க அம்ம சொன்னதில்ல. நீயும் சொன்னதில்ல. நான் போறது எல்லாத்துக்கும் சவுரியம்னுதான் நெனச்சேன்." "இன்னொரு தடவ சொல்லு."

"எத?"

"அதத்தான்."

"போவாதிய," என்றேன்.

போனை எடுத்தார். சென்னையில் ஆட்களைக் கப்பலுக்கு அனுப்புகிற மேனேஜரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார். இருபத்தி நாலாம் தேதி வரவில்லை, இனிமேலும் வரவில்லை என்றார். அந்தப் பக்கம் மேனேஜர் பதறவில்லை, அவருக்கு இது தினப்படி வேலை.

"மெடிக்கல்ல ஏதாவது பிரச்சனையா சார்?"

"இல்ல சார். எல்லாம் நார்மல்."

"வேற கம்பெனியில ஆஃபரா?"

"கப்பல் கம்பெனி எதுவும் இல்ல சார்."

"வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க."

"அப்ப என்ன காரணம்னு போடுறது சார்? காரணம் போடலன்னா சிஸ்டம் அடுத்த பக்கத்துக்கே போகாது."

ஜெனோ என்னைப் பார்த்தார். "வீட்டுல போவண்டாம்னு சொல்லிட்டாங்க சார்," என்றார்.

அந்தப் பக்கம் விரல்கள் தட்டுகிற சத்தம் நின்றது. "அப்படி ஒரு காரணம் இங்க லிஸ்ட்லயே இல்லையே சார். 'மற்றவை'ன்னு போட்டுடுறேன்."

"மற்றவைன்னு போடாதிய," என்றார் ஜெனோ. "ரீனான்னு போடுங்க."

போன் வைத்தாயிற்று. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பதினாலு வருஷமாக, எத்தனை தேர்த் திருவிழா, எத்தனை கிறிஸ்மஸ், விஜிலா பிறந்தது, மாமியார் இறந்தது, எல்லாவற்றுக்கும் இந்த மனுஷன் இல்லாமல் போனதற்கு இந்த ஒற்றை வார்த்தைதான் குறையாக இருந்ததா என்று கோபம் கோபமாக வந்தது. அழுகை அதற்கப்புறம்தான் வந்தது, அதுவும் அவர் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்த பிறகு.